சேலத்தில் ஒரு வியாபாரச் சந்திப்பு: தேதி குறிப்பதிலிருந்து தொண்ணூறாம் நாள் கணக்கு வரை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், சுற்று வட்டார நகைக்கடைக்காரர்களை ஒரு நாள் கூப்பிட்டுத் தன் புது டிசைன்களைக் காட்ட நினைக்கிறார். முதல் வேலையாக என்ன செய்வார்? பெரும்பாலும் மண்டபத்துக்குப் போன் போடுவார். அப்புறம் சமையல்காரர், பேனர், அன்பளிப்பு. நாள் நன்றாகவே போகும். வந்தவர்கள் சாப்பாட்டைப் பாராட்டிவிட்டுக் கிளம்புவார்கள். மூன்று மாதம் கழித்து, "அவ்வளவு செலவு செய்தோமே, என்ன வந்தது?" என்று வீட்டில் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

டீலர் மீட், அறிமுக விழா, வாங்குவோர் விற்போர் சந்திப்பு என்று சேலத்தில் இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்துகொடுக்கிறேன். வந்தவர்களை ஈடுபட வைப்பதும் பலனை அளப்பதும் இரண்டு தனி வேலைகள் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. வந்தவர் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும். செய்தது நாம் எண்ணிப் பார்க்கக்கூடிய தடமாக மிஞ்ச வேண்டும். இரண்டும் ஒரே செயலில் நடக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கொலுசுக்காரரையே கூட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் தொழில் ஜவ்வரிசியோ, ஜவுளியோ, ஸ்டீல் பாத்திரமோ, முறை இதுதான்.

படி 1: மண்டபத்துக்கு முன்னால் ஒரு வரி

ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நம் கொலுசுக்காரர் எழுத வேண்டியது இப்படி இருக்கும்: "சந்திப்பு முடிந்த 90 நாளில், இதுவரை நம்மிடம் வாங்காத 25 கடைகள் இரண்டு முறையாவது ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும்."

யார், எத்தனை, எதற்குள், எதைப் பார்த்து எண்ணுவது என்ற நான்கும் அந்த வரியில் இருக்கின்றன. "நம்ம பேர் பரவணும்", "உறவு பலப்படணும்" என்பதெல்லாம் நல்ல ஆசைகள்தான். ஆனால் அவற்றை யாராலும் எண்ண முடியாது. பேர் பரவினால் எந்தக் கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில்தான் இலக்கு.

அதே பக்கத்தில் இன்றைய நிலையையும் குறித்துவிடுங்கள். எந்த விழாவும் நடத்தாத ஒரு சாதாரண 90 நாளில் எத்தனை புதுக்கடைகள் தானாக வருகின்றன? பழைய பில் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். 5 கடை என்றால், 25-இல் அந்த 5-ஐக் கழித்து 20-ஐத்தான் சந்திப்பின் கணக்கில் எழுதலாம். இதைச் செய்யாமல் விட்டால் தானாக வந்ததையும் விழாவின் புகழில் சேர்த்துக்கொள்வோம்.

பயிற்சி வகுப்புகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் ஒரு முறை சொன்னார். வந்தவருக்குப் பிடித்ததா, என்ன தெரிந்துகொண்டார், பிறகு நடத்தையில் என்ன மாறியது, கடைசியில் தொழிலுக்கு என்ன பலன் என்று நான்கு நிலைகள். வியாபாரச் சந்திப்புக்கும் இது அழகாகப் பொருந்தும். நம்மில் பலர் முதல் நிலையோடு, அதாவது "சாப்பாடு பிரமாதம்" என்பதோடு நின்றுவிடுகிறோம். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி நான்காம் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: யாரைக் கூப்பிடுவது

கூட்டம் நிறைய வேண்டும் என்ற ஆசையை முதலில் விட வேண்டும். 60 சரியான கடைகள் போதும். தர்மபுரி, நாமக்கல், ஈரோடு, ஆத்தூர், கிருஷ்ணகிரி என்று ஊர் ஊராகப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: இப்போது யாரிடம் வாங்குகிறார், மாதத்துக்குச் சுமார் எவ்வளவு கொலுசு ஓடுகிறது, அங்கே முடிவெடுப்பவர் யார். மூன்றாவதை மறந்துவிடுவார்கள். முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார். எந்த டிசைன் ஓடும், எது ஓடாது என்று தெரிந்தவர் கவுண்ட்டரில் நிற்கும் சேல்ஸ்மேன். அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் நடத்திய சந்திப்புகளில் கேள்விகள் சூடாக வந்ததெல்லாம் கவுண்ட்டர்காரர்களும் சேர்ந்து வந்த நாட்களில்தான்.

பட்டியலிலிருந்து இன்னொரு 30 கடைகளை வேண்டுமென்றே தனியே எடுத்து வையுங்கள். அதே மாதிரி ஊர், அதே அளவு கடை. ஆனால் இந்த முறை அவர்களுக்கு அழைப்பு இல்லை. ஏன் என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

அழைப்பு மூன்று தடவை போக வேண்டும். ஐந்து வாரம் முன்பு முதலாளியே போனில் பேச வேண்டும். இரண்டு வாரம் முன்பு ஆள் நேரில் போய்ப் பத்திரிகை கொடுக்க வேண்டும். முதல் நாள் வாட்ஸ்அப்பில் இடத்தின் வரைபடமும் நேரமும் போக வேண்டும். பதிலை மூன்று விதமாகக் குறித்துக்கொள்ளுங்கள். "வர்றேன், காரா பஸ்ஸா தெரியலை" என்றால் வருகிறார். "கடையை விட்டுட்டு வர முடியலை" என்றால் அவருக்குத் தனியே போய்க் காட்டலாம். "பார்க்கலாம்" என்றால் வரமாட்டார்; அவரை நம்பி இலை எண்ணிக்கை போடாதீர்கள்.

படி 3: தேதி

இதில்தான் ஊர் தெரிந்திருக்க வேண்டும். நகைக்கடைக்காரருக்குத் தீபாவளிக்கு முன் சரக்கு வேண்டும். முகூர்த்த மாதங்களில் அவரால் கடையை விட்டு நகர முடியாது, நமக்கும் மண்டபம் கிடைக்காது. ஆடியில் கல்யாணம் இல்லை; மண்டபம் காலி, வாடகையில் பேரம் பேசலாம், கடைக்காரருக்கும் மூச்சு விட நேரம் உண்டு. ஆகவே ஆடி நல்ல மாதம்தான். ஆனால் சேலத்தில் ஆடிக்கு இன்னொரு முகம் உண்டு. கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் பண்டிகை. குகையில் வண்டி வேடிக்கை. பட்டறை ஆட்கள் அந்த நாட்களில் வேலைக்கு வரமாட்டார்கள், நாம் எதிர்பார்க்கவும் கூடாது. பதினெட்டாம் பெருக்கன்று மேட்டூர்ப் பக்கம் போகும் சாலைகளில் கூட்டம் நெரியும். எனவே ஆடி பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

மாதத்துக்குள்ளும் பார்க்க வேண்டியது உண்டு. ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டிய நாட்களில் கடைக்காரர் உடம்பு இங்கே, மனசு ஆடிட்டர் ஆபீசில் இருக்கும். கிழமையில் நான் புதனைத்தான் சொல்வேன். புதன்கிழமை ராகு காலம் பகல் 12 முதல் 1.30 வரை, அது அப்படியே சாப்பாட்டு நேரத்தோடு போய்விடும். வியாழனில் அது 1.30 முதல் 3 வரை, வெள்ளியில் காலை 10.30 முதல் 12 வரை. நீங்கள் பார்ப்பீர்களா மாட்டீர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. முதல் ஆர்டர் எழுதப்போகும் கடைக்காரர் பார்ப்பார்.

படி 4: சேலமா, ஏற்காடா

"ஏற்காட்டில் வைத்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள்" என்று அடிக்கடி கேட்கிறேன். வருவார்கள், குடும்பத்தோடு. பாதிப் பேர் ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள்.

புதுக் கடைக்காரரிடம் சரக்கைக் காட்டி ஆர்டர் வாங்குவதுதான் நோக்கம் என்றால் சேலத்திலேயே வையுங்கள். புது பஸ் ஸ்டாண்டு, ஐந்து ரோடு, ஜங்ஷன் இந்த மூன்றுக்கும் எட்டும் தூரத்தில் இடம் பாருங்கள். வெளியூர்க்காரர் சாயங்காலம் கடை மூடுவதற்குள் ஊர் திரும்ப நினைப்பார். ஏசியைவிட ஜெனரேட்டர் முக்கியம். கொலுசு பளிச்சென்று தெரிய மேசை மேல் வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும். மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் வெள்ளி மங்கித் தெரியும். இதைப் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்காடு எப்போது பொருந்தும்? உங்களிடம் ஏற்கெனவே நிறைய வாங்கும் 25 பேரோடு அடுத்த வருடத்தைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும், யாரும் நடுவில் கடைக்கு ஓடிவிடக் கூடாது என்றால். அதற்குச் சேர்வராயன் மலையைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 1,500 மீட்டர் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள். காலைச் சாப்பாடு லேசாக இருக்கட்டும்; பொங்கலும் வடையும் ஏற்றிக்கொண்டு மலையேறினால் முதல் ஒரு மணி நேரம் வீண். வேனில் வாந்திக்கு மாத்திரையும் கவரும் வேண்டும். இருட்டுவதற்குள் எல்லோரும் மேலே இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பரில் மூடுபனியும் மண் சரிவும் வரலாம் என்பதால் அந்த மாதங்கள் வேண்டாம். மே மாதம் கோடை விழாக் கூட்டம், அதுவும் வேண்டாம். சனி, ஞாயிறில் அறை வாடகை ஏறும், செவ்வாய் புதனில் பேசிக் குறைக்கலாம். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருப்பதை டிரைவருக்குச் சொல்லி வையுங்கள்.

மலையில் போய் ஏசி அறைக்குள் புரொஜெக்டர் போடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் தொடங்கிய காபித் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும் தோட்டப் பாதையில் மும்மூன்று பேராக நடக்க விடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு கேள்வி: "இந்த வருடம் நாங்கள் எந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்தோம்?" நடந்து முடித்து வந்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அறையில் சொல்லாததை மனிதர்கள் நடக்கும்போது சொல்வார்கள். அந்த அட்டைகளின் எண்ணிக்கையும், அவற்றில் எத்தனை குறைகளை 90 நாளில் சரிசெய்தோம் என்பதும்தான் ஏற்காட்டுச் சந்திப்பின் அளவுகோல்.

படி 5: செலவு

மாதிரிக்கு ஒரு கணக்கு, வரி உட்பட. 60 கடை, நம் ஆட்களோடு 100 பேர். சாப்பாடு ஒருவருக்கு ரூ.400 வீதம் ரூ.40,000. மண்டபம், விளக்கு, ஜெனரேட்டர் ரூ.40,000. பத்திரிகையும் அழைக்கப் போகும் பயணமும் ரூ.20,000. காட்சி மேசைகளும் கைவினைஞர்களின் அன்றைய கூலியும் ரூ.25,000. அன்பளிப்பு ரூ.18,000. பிறகு பின்தொடரும் பயணத்துக்கும் மாதிரிச் சரக்குக்கும் ரூ.25,000. எதிர்பாராத செலவு ரூ.12,000. மொத்தம் ரூ.1,80,000.

பின்தொடர்வதற்கான அந்த ரூ.25,000-ஐப் பலர் ஒதுக்குவதே இல்லை. சாப்பாட்டில் ஒரு இனிப்பைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள். சாப்பாட்டுக்கும் அன்பளிப்புக்கும் கட்டும் ஜிஎஸ்டியைப் பொதுவாக உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் அதையும் செலவாகவே எழுதுங்கள்.

படி 6: அந்த நாள்

ஒரு அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தயாரிப்பாளருக்காக நான் நடத்திய சந்திப்பில், சிறப்பு விருந்தினர் வந்த பிறகுதான் குத்துவிளக்கு என்று முடிவு. அவர் ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். பிறகு வரவேற்புரை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொன்னாடை, வாழ்த்துரை. எல்லாம் முடியும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கடைக்காரர்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ஆர்டர் மேசையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தப்பு விருந்தினருடையது இல்லை, என்னுடையது. அவர் வராமல் எதுவும் தொடங்காது என்று நிரல் போட்டது நான்தான்.

அதிலிருந்து மரியாதைக்குரியதை எல்லாம் பத்து நிமிடத்துக்குள் வைக்கிறேன். மூத்த வாடிக்கையாளர் ஒருவர் விளக்கேற்றுவார்; அழைத்தவர் இரண்டு நிமிடம் பேசுவார்; அவ்வளவுதான். விருந்தினர் எப்போது வந்தாலும் அந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

நிரல் இப்படி. 10 மணிக்குக் காபி, பதிவு. 10.30-க்கு விளக்கு. 10.40 முதல் 12 வரை மேசைகள். 12 முதல் 1.30 வரை சாப்பாடு. 1.30 முதல் 3 வரை ஆர்டர். 3 மணிக்கு அரை மணி நேரம் கேள்வி பதில். 3.30-க்குத் தட்டுவடை செட்.

பதிவுக்குக் க்யூஆர் வைக்கலாம். கூடவே அச்சடித்த பட்டியலும் நோட்டும் கட்டாயம். மலையில் சிக்னல் போய்விடும், மண்டபத்தில் வைஃபை நின்றுவிடும். பழைய வாடிக்கையாளருக்கு மஞ்சள் அட்டை, புதியவருக்குப் பச்சை அட்டை. நம் ஆட்கள் தூரத்திலிருந்தே பார்த்துப் பச்சை அட்டைக்காரரிடம் முதலில் போய்ப் பேசலாம். வாட்ஸ்அப்பில் இனி செய்தி அனுப்பச் சம்மதமா என்று அங்கேயே கேட்டு ஒரு டிக் வாங்கிவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. அது ஒருபுறம் இருக்க, கேட்பதுதான் மரியாதை.

மேசைகள்தான் இந்த நாளின் உயிர். ஐந்து மேசை. முதல் மேசையில் சிவதாபுரத்திலிருந்தோ பனங்காட்டிலிருந்தோ வந்த கைவினைஞர் பற்றவைப்பையும் மெருகையும் செய்து காட்டுவார். விரும்புகிறவர் தானும் ஒரு கண்ணி கோத்துப் பார்க்கலாம். வருடக்கணக்காகக் கொலுசு விற்பவர்களில்கூட அது பட்டறையில் பிறப்பதைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். அங்கே அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். மற்ற நான்கு மேசைகளில் எண் ஒட்டிய டிசைன்கள்: குழந்தைகளுக்கானவை, லேசானவை, கனமானவை, கல்யாணத்துக்கானவை. கடைக்காரர்கள் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மேசை மாறுவார்கள். வழக்கமான கேள்விகளான டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்பதற்கு விடை ஒவ்வொரு டிசைனுக்கும் கீழே எழுதியிருக்கட்டும். அப்போதுதான் பேச்சு அதைத் தாண்டிப் போகும்.

ஒவ்வொரு கடைக்கும் ஐந்து பச்சை ஸ்டிக்கர், இரண்டு சிவப்பு ஸ்டிக்கர். பச்சையை "என் கடையில் ஓடும்" என்பதற்கு ஒட்ட வேண்டும், சிவப்பை "வைக்கவே மாட்டேன்" என்பதற்கு. ஸ்டிக்கரில் அவர் கடை எண் இருக்கும். ஒட்டும்போது பக்கத்துக் கடைக்காரரோடு வாக்குவாதம் வரும், சிரிப்பு வரும், காரணம் வெளியே வரும். நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று அந்தக் காரணங்களை எழுதிக்கொள்ள வேண்டும். மதியம் ஆர்டர் மேசைக்கு அவர் வரும்போது, "அண்ணே, 14-க்கும் 22-க்கும் பச்சை ஒட்டினீங்க, அதிலிருந்தே ஆரம்பிப்போமா?" என்று கேட்கலாம். ஈடுபாடும் அளவும் ஒரே செயலில் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

கேள்வி பதிலுக்குச் சொற்பொழிவாளர் வேண்டாம், விஷயம் வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் எச்யூஐடி என்ற, ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாள எண்ணோடு ஹால்மார்க் முத்திரை, விருப்பத்தின் பேரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதைக் கடையில் வாடிக்கையாளருக்கு எப்படி விளக்குவது என்று அரை மணி நேரம் பேசினால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். தட்டுவடை செட் கடையை ஆர்டர் மேசைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். சட்னியும் துருவிய பீட்ரூட் கேரட்டும் வைத்து ஒருவர் செய்து கொடுக்கக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் தயங்கியவர்கூட ஒரு பேச்சுக்கு உட்காருவார்.

சட்டப்படி பார்க்க வேண்டியவை சில. திறந்த வெளியில் மைக் வைத்தால் போலீஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் கூடாது. சினிமாப் பாட்டு போட்டால் உரிமக் கட்டணம் உண்டு, நாதஸ்வரம் நேரில் வாசிக்க வைப்பது அதைவிட அழகு. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப், தட்டு, உறிஞ்சு குழல்களுக்குத் தடை. வாழை இலையும் டம்ளரும் போதும். வெள்ளிச் சரக்குக்குக் காவலும், வந்ததற்கும் போனதற்கும் எடைச் சீட்டும் இருக்க வேண்டும்.

படி 7: கிளம்பும் முன் கேட்பது

"எங்களை மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள்" என்று கேட்கும் முறை ஒன்று 2003-இலிருந்து உலகெங்கும் புழங்குகிறது. 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் நம் ஊரில் சாப்பிட்ட கையோடு யாரும் ஏழு கொடுக்கமாட்டார்கள். அந்தக் கேள்வியை ஒரு வாரம் கழித்து, சந்திப்பில் முகம் காட்டாத ஒருவரை வைத்துப் போனில் கேளுங்கள். வாசலில் இரண்டே கேள்வி: இன்று நீங்கள் புதிதாகத் தெரிந்துகொண்டது என்ன? எதனால் எங்களிடம் வாங்கத் தயங்குகிறீர்கள்? இரண்டாவதற்கு வரும் பதில்கள் தங்கம்.

படி 8: தொண்ணூறு நாள்

48 மணி நேரத்துக்குள் வந்த எல்லோருக்கும் போன். அவர் பச்சை ஒட்டிய டிசைன்களின் படமும் விலையும் அன்றே வாட்ஸ்அப்பில். ஏழாம் நாளுக்குள் ஆர்டர் கொடுக்காத பச்சை அட்டைக்காரர்களின் கடைக்கு நேரில் மாதிரிச் சரக்கோடு போக வேண்டும். 30, 60, 90 ஆகிய நாட்களில் நோட்டில் எண்ணிக்கை ஏற வேண்டும்.

பணக் கணக்கு இப்படி வரும். ஒரு கடையின் ஒரு ஆர்டரில் சராசரியாக ரூ.4,000 நிற்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வந்த 20 கடைகளின் முதல் ஆர்டரில் ரூ.80,000. செலவு ரூ.1,80,000. அன்றைக்குப் பார்த்தால் ஒரு லட்சம் நஷ்டம். இங்கேதான் பலர் மனம் ஒடிந்து "இனி விழாவே வேண்டாம்" என்கிறார்கள். மூன்றாவது ஆர்டரில் ரூ.2,40,000 ஆகிச் செலவைத் தாண்டிவிடும். அதே 20 கடைகள் வருடத்துக்கு ஆறு முறை வாங்கினால் ரூ.4,80,000, செலவு போக மூன்று லட்சம். அதனால்தான் இலக்கில் "இரண்டு முறையாவது" என்று எழுதச் சொன்னேன். ஒரு முறை வாங்கியவர் முகத்துக்காக வாங்கியிருக்கலாம். இரண்டாம் முறை வாங்கியவருக்கு அந்தக் கொலுசு ஓடியிருக்கிறது.

இப்போது அந்தத் தனியே வைத்த 30 கடைகளுக்கு வாருங்கள். ஆடியில் நடத்திய சந்திப்பின் தொண்ணூறு நாள் தீபாவளி நெருக்கத்தில் போய் முடியும். எல்லோர் வியாபாரமும் தானாகவே ஏறும் காலம் அது. அழைக்காத 30 கடைகளில் அதே 90 நாளில் 3 கடை தானாக வாங்க ஆரம்பித்தால், அது பத்தில் ஒன்று. அழைப்புக்கு வந்த புதுக்கடை 50 என்றால், அதே கணக்கில் அவற்றிலும் 5 கடை எப்படியும் வந்திருக்கும். முதல் பக்கத்தில் கழித்த 5-உம் இதுவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அழைக்காத கடைகளில் 9 வந்திருந்தால், 50-இல் 15 பண்டிகையின் பலன். 25 வந்தாலும் சந்திப்பின் பங்கு 10 தான். அப்போது ஒரு கடைக்கு ரூ.18,000 செலவாகியிருக்கிறது. கசப்பாக இருந்தாலும் அதையே எழுதுங்கள்.

தொண்ணூறாம் நாள் மாலை, பட்டறையில் எல்லோரையும் உட்கார வைத்து நோட்டைத் திறங்கள். எந்த டிசைனுக்குப் பச்சை நிறைய விழுந்தது, அதில் எது உண்மையில் விற்றது என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். பச்சை விழுந்தும் விற்காதவை ஏன் விற்கவில்லை என்று அன்று வந்திருந்த சேல்ஸ்மேன்கள் நான்கைந்து பேருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பிறகு அழைக்காமல் விட்ட அந்த 30 கடைகளின் பட்டியலை எடுத்து, தை மாதத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்று பேச ஆரம்பியுங்கள்.